பூ, மரம், காற்று, அலை: ஜப்பானியப் பெயர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? (விவாத இழை)

நொச்சி:

ஜப்பானியப் பெயர்களைப் பற்றித் தமிழில் தேடினால் "சகுரா என்றால் செர்ரிப்பூ, யுரி என்றால் லில்லி, ஹரு என்றால் வசந்தம்" என்ற பட்டியலோடு கதை முடிந்துவிடுகிறது. பெயர் வைக்கிறவர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள், அரசு எதை அனுமதிக்கிறது, எந்தப் பூவை ஒதுக்குகிறார்கள், குழந்தைப் பெயருக்கு வெளியே இந்த இயற்கைச் சொற்கள் எங்கெல்லாம் பெயராகப் புழங்குகின்றன என்று தெரிந்தவர்கள் எழுதுங்களேன். இன்னொரு பட்டியல் மட்டும் வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன்.

எழுத்தெண்ணி:

ஜப்பானியப் பெயரில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: ஓசை, அதை எழுதும் கான்ஜி (சீனத்திலிருந்து வந்த, பொருள் தரும் எழுத்து), அந்தக் கான்ஜியை இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று பெற்றோர் சொல்லும் வாசிப்பு. ஒன்று தெரிந்தால் மற்றது தெரிந்துவிடும் என்று கிடையாது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

"அவோய்" என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவோய்ச் செடிக்குரிய கான்ஜியால் எழுதினால் அது செடி. கரும்பச்சை நீலத்தைக் குறிக்கும் எழுத்தால் எழுதினால் கடலோ வானமோ. மரகதப் பச்சை எழுத்தால் எழுதினால் கல்லின் நிறம். எதுவும் வேண்டாமென்று ஓசையை மட்டும் காட்டும் ஹிரகானா எழுத்தில் எழுதுகிறவர்களும் உண்டு. காதில் விழுவது ஒன்றேதான். இது ஆண், பெண் இருவருக்கும் வைக்கும் பெயர் என்பது கூடுதல் சிக்கல். கயேதே (மேப்பிள்), சோரா (வானம்), ஹினாதா (வெயில் படும் இடம்), நாகி (காற்றடங்கிய கடல்) எல்லாம் அப்படித்தான். மொழிபெயர்ப்புகளில் "அவள்" "அவன்" மாறிப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

பெரும்பாலான பெற்றோர் ஓசையில்தான் தொடங்குகிறார்கள். குடும்பப் பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்து, இரண்டு மூன்று ஓசைகளுக்குச் சுருக்கி, பிறகு கான்ஜி தேடுகிறார்கள். எழுத்தில் தொடங்கி ஓசைக்கு வருகிறவர்களும் உண்டு: தாத்தா பெயரில் "மரம்" இருக்கிறது, பேரன் பெயரிலும் அது வரட்டும் என்கிற மாதிரி.

ஒரு எச்சரிக்கை. மெய்ஜி யசுதா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பெயர் வரிசையைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அதில் எழுத்து வாரியாக ஒரு பட்டியல், வாசிப்பு வாரியாக இன்னொரு பட்டியல். 2023இல் எழுத்து வரிசையில் ஆண்களில் முதலிடம் அந்த மரகதப் பச்சை எழுத்துக்கு. பெண்களில் "சூரிய ஒளி + அவோய்" என்ற ஜோடிக்கு. அந்த ஜோடியைப் பெரும்பாலும் ஹிமாரி என்று வாசிப்பார்கள். சூரியகாந்தியின் ஜப்பானியப் பெயர் ஹிமவாரி, அதன் சாயல். இரண்டு பட்டியலையும் கலந்து "ஜப்பானில் அதிகம் வைக்கும் பெயர்" என்று எழுதும் கட்டுரைகளை நம்பாதீர்கள்.

ஆற்றங்கரை:

எழுத்தெண்ணி, கான்ஜி ஆயிரக்கணக்கில் இருக்கிறதே, பிடித்ததை எடுத்து வைத்துவிடலாமா? நிலவும் நட்சத்திரமும் சேர்ந்த மாதிரி ஒரு எழுத்து இருப்பதாகப் படித்தேன். அழகாக இருந்தது.

எழுத்தெண்ணி:

அந்த எழுத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பொருள் பச்சை இறைச்சி, மீன் வாடை. இடப்பக்கம் இருப்பது நிலவு அல்ல, சதை. கான்ஜியில் சதைக்குறி ஒடுங்கி நிற்கும்போது நிலவுக்குறி மாதிரியே ஆகிவிடும். நுரையீரல், கல்லீரல், முதுகு, இடுப்பு எல்லாவற்றிலும் அதே உருவத்தைக் காணலாம். "நிலவு + ஒளி" என்று நினைத்து எடுக்கிற இன்னொரு எழுத்து சிறுநீர்ப்பையைக் குறிப்பது. நல்லவேளை, இரண்டுமே பெயருக்கு அனுமதித்த பட்டியலில் இல்லை.

அந்தப் பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். குடும்பப் பதிவேட்டுச் சட்டத்தின் (கோசெகிச் சட்டம், 1948 ஜனவரி 1 முதல் நடப்பில்) 50ஆவது பிரிவு, குழந்தையின் பெயர் பரவலாகத் தெரிந்த, எளிய எழுத்துகளில் இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் அதற்குப் பொருள்: பொதுப் பயன்பாட்டுக்குரிய ஜோயோ கான்ஜி 2,136, பெயருக்கென்று கூடுதலாக அனுமதித்த ஜின்மெய்யோ கான்ஜி 863, ஆக 2,999. அவற்றோடு ஓசையெழுத்துகளான ஹிரகானா, கதகானா. ரோமன் எழுத்து கூடாது.

இயற்கைப் பெயர்களுக்கு உயிர் கொடுத்ததே அந்த இரண்டாம் பட்டியல்தான். 1951இல் அதில் வெறும் 92 எழுத்துகள். 2004 செப்டம்பரில் ஒரே வீச்சில் 488 எழுத்துகள் சேர்ந்தன. ஸ்ட்ராபெரியைக் குறிக்கும் "இச்சிகோ" எழுத்து பெயருக்கு வந்தது அப்போதுதான். அந்த வரைவில் சாணம், பிணம், புற்றுநோய், சாபம் என்ற பொருளுள்ள எழுத்துகளும் இருந்தன. எத்தனை இடத்தில் பயன்படுகிறது என்ற கணக்கில் தேர்ந்ததால் வந்த வினை. பொதுமக்கள் எதிர்ப்பு தெரிவித்ததும் நீக்கினார்கள்.

சில எழுத்துகளின் பழைய வடிவமும் செல்லும். சகுராவின் இன்றைய வடிவத்துக்கு 10 கோடுகள், பழைய வடிவத்துக்கு 21. இரண்டையும் பதியலாம். ஆனால் 21 கோட்டை வைத்தால் அந்தக் குழந்தை ஆயுள் முழுக்க ஒவ்வொரு படிவத்திலும் அதை எழுத வேண்டும்.

வடக்குவாசல்:

வாசிப்பைப் பற்றிய பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் 2025இல் பெரிய மாற்றம் வந்துவிட்டது. பழைய கட்டுரைகள் பலவும் இன்னும் "எழுத்துக்குத்தான் கட்டுப்பாடு, வாசிப்புக்கு இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

2025 மே 26க்கு முன்பு கோசெகியில் வாசிப்பே கிடையாது. பிறப்புப் பதிவுப் படிவத்தில் எழுதுவது வசிப்புப் பதிவுக்கான உதவிக் குறிப்பு மட்டும். "நிலவு" என்று எழுதிவிட்டு "லூனா" என்று வாசிக்கச் சொல்லலாம், யாரும் தடுக்க முடியாது. இப்போது வாசிப்பும் சட்டப்படி பதிவாகிறது. அது பெயருக்கான வாசிப்பாகப் பொதுவில் ஏற்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே பதிவில் இருப்பவர்களுக்கு நகராட்சி அஞ்சலில் ஒரு அறிவிப்பு அனுப்பியது. அதில் உள்ள வாசிப்பு தவறென்றால் திருத்தித் தர 2026 மே 25 வரை அவகாசம்.

எது நிற்கும், எது நிற்காது? "உயரம்" என்ற எழுத்தைத் "தாழ்வு" என்று வாசிப்பது, "தாரோ" என்று எழுதி "மைக்கேல்" என்பது போன்றவை நீதி அமைச்சகமே காட்டிய தள்ளுபடி உதாரணங்கள். ஆனால் எல்லாச் சுருக்கமும் தள்ளுபடி இல்லை. சகுராவின் முதல் ஓசையை மட்டும் எடுத்து அடுத்த எழுத்தோடு சேர்த்து "சாரா" என்பது செல்லும். "அழகு + வானம்" என்று எழுதி முதல் எழுத்தை மௌனமாக்கி "சோரா" என்பதும் செல்லும். "ஐந்து + மாதம்" என்று எழுதி "சாத்சுகி" என்பது பழங்காலத்திலிருந்தே உள்ள வாசிப்பு, அதுவும் செல்லும். சந்தேகம் வந்தால் அலுவலர் விளக்கம் கேட்பார். பெயர் அகராதியில் அந்த வாசிப்பு இருக்கும் பக்கத்தைக் காட்டினால் வேலை சுலபம்.

படிவம் தரும் கெடு 14 நாள், பிறந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். வெளிநாட்டில் பிறந்தால் 3 மாதம். ஒரே தாளில் இடப்பாதி பிறப்பு அறிவிப்பு, வலப்பாதி மருத்துவரோ மருத்துவச்சியோ நிரப்பும் சான்று. பிறந்த ஊர், பெற்றோரின் பதிவூர், அறிவிப்பவர் வசிக்கும் ஊர், மூன்றில் எந்த நகராட்சியிலும் கொடுக்கலாம். பெயர் முடிவாகவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுப் பிறகு துணை அறிவிப்பு தரலாம், ஆனால் பிற்பாடு சேர்த்த தடயம் கோசெகியில் நிற்கும். பதிந்த பெயரை மாற்றக் குடும்ப நீதிமன்றத்தின் அனுமதியும், அது ஏற்கும் காரணமும் வேண்டும். எழுத்துப் பிழையை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள் என்று எல்லாரும் சொல்வது அதனால்தான்.

தாழைமடல்:

சட்டம் போதும், பருவத்துக்கு வருவோம். இயற்கைப் பெயர் வைக்கும்போது பிறந்த பருவத்தோடு பொருத்துவது வழக்கம். ஆனால் பலர் நாட்காட்டியில் தடுக்கி விழுகிறார்கள்.

பூக்களின் வரிசை ஏறத்தாழ இது: பிப்ரவரி, மார்ச்சில் உமே (ஜப்பானிய பிளம்), மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும் சகுரா (ஹொக்கைதோவில் மே வரை தள்ளிப்போகும்), ஏப்ரல் இறுதியிலிருந்து ஃபுஜி என்ற ஊதாக்கொடி, மே மாதம் அயாமே (ஐரிஸ்), ஜூன் மழையில் அஜிசாய் (ஹைட்ராஞ்சியா), செப்டம்பரில் ஹாகி என்ற புதர்ச்செடி, இலை சிவக்கும்போது கயேதே. ஹனஃபுதா சீட்டுக்கட்டு தெரிந்தவர்களுக்கு இன்னும் வசதி. 48 சீட்டு, 12 மாதம், மாதத்துக்கு ஒரு செடி: ஜனவரிக்குப் பைன், பிப்ரவரிக்கு உமே, மார்ச்சுக்குச் சகுரா, இப்படியே போய் டிசம்பருக்குக் கிரி மரம்.

தடுக்கும் இடம் எது? ஹைக்கூவின் பருவச்சொல் அகராதியில் அசகாவோ (காலையில் மலரும் கொடிப்பூ) இலையுதிர்காலச் சொல். ஜூலையில் வீட்டு வாசலெல்லாம் அது பூத்திருக்கும். கோடைப் பெயர் என்று நினைப்போம். பழைய கணக்கில் ஆகஸ்ட் 7, 8 வாக்கிலேயே இலையுதிர்காலம் பிறந்துவிடுகிறது. தனபாத்தா என்ற நட்சத்திர விழாவும் அப்படியே. ஹைக்கூ எழுதும் பாட்டி இருக்கும் வீட்டில் இது பேச்சுக்கு வரும்.

பழைய மாதப் பெயர்களும் அதே வகை. யாயோய் மூன்றாம் மாதம், சாத்சுகி ஐந்தாம் மாதம், ஹாஸுகி எட்டாம் மாதம். இன்று மார்ச், மே, ஆகஸ்டுக் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள். உண்மையில் பழைய மாதம் ஏறத்தாழ ஒரு மாதம் பிந்தியது. சாத்சுகி நெல் நாற்று நடும் மழைமாதம், இன்றைய ஜூன். "சாத்சுகிபாரே" என்ற சொல் முதலில் மழைக்கு நடுவே கிடைக்கும் தெளிந்த நாளைக் குறித்தது. இப்போது மே மாதத்து நீல வானத்துக்கே சொல்கிறார்கள். நாவலில் சாத்சுகி என்று பெயர் வைத்துவிட்டு "வறண்ட மே மாத வெயிலில் பிறந்தவள்" என்று எழுதினால் உறுத்தும்.

ஒரு சின்ன அழகு: "மரம்" என்ற குறியோடு "வசந்தம்" சேர்த்தால் த்சுபாகி (கமேலியா). "கோடை" சேர்த்தால் எனோகி. "இலையுதிர்காலம்" சேர்த்தால் ஹிசாகி. "குளிர்காலம்" சேர்த்தால் ஹீராகி, முள்விளிம்பு இலைச்செடி. செத்சுபுன் நாளில் (பெரும்பாலும் பிப்ரவரி 3) மத்தி மீன் தலையோடு வாசலில் செருகுவது இந்த ஹீராகிக் கிளையைத்தான்; தீயதைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. அந்த எழுத்தை "ஷூ" என்று வாசித்து இப்போது ஆண் குழந்தைகளுக்கு நிறைய வைக்கிறார்கள்.

ஆற்றங்கரை:

த்சுபாகி என்றதும் ஞாபகம் வந்தது. கமேலியா தலையோடு விழும், சாமுராய்கள் வெறுத்தார்கள், அதனால் பெயருக்கு ஆகாது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே?

தாழைமடல்:

பூ இதழ் இதழாக உதிராமல் முழுதாக விழுவது உண்மை. நோயாளியைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோகக் கூடாது என்ற வழக்கமும் உண்மை. ஆனால் சாமுராய்கள் ஒட்டுமொத்தமாக வெறுத்தார்கள் என்பதை அப்படியே விழுங்க வேண்டாம். எதோ (Edo) காலத்தில் (1603–1868) கமேலியா வளர்ப்பு பெரிய மோகமாக இருந்தது. அக்காலத்தில் நாட்டை ஆண்ட ஷோகுன்களில் இரண்டாமவரான தொகுகாவா ஹிதெதாதாவே அதன் பெரும் ரசிகர். த்சுபாகி என்ற பெயர் இன்று நன்றாகவே புழங்குகிறது.

பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடிய பெயர்கள் உண்டுதான். சகுரா சீக்கிரம் உதிர்வது. அஜிசாய் நிறம் மாறுவதால் மனம் மாறுவது. ஹோதாரு, அதாவது மின்மினி, அற்பாயுள். தாமரை எழுத்தான ரென் பௌத்தத்தோடும் இறப்புச் சடங்கோடும் சேர்ந்தது என்ற தயக்கம் ஒரு காலத்தில் பலமாக இருந்தது. அதே ரென் 2018இல் மெய்ஜி யசுதா பட்டியலில் ஆண்களுக்கு முதலிடம். ஆக இவை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் விஷயம். மாமியார் ஒருவர் சொன்னதை விதியாக எழுதிவிடக் கூடாது.

எழுத்தெண்ணி:

நம்பிக்கையை விடுங்கள், உண்மையிலேயே தவிர்க்க வேண்டியவை வேறு. இரண்டு நல்ல எழுத்து சேர்ந்து ஏற்கெனவே இருக்கும் ஒரு சொல்லாகிவிடுவது. "கடல் + நிலவு" என்று எழுதி மித்சுகி என்று வாசிக்கச் சொல்கிறார்கள். அந்த ஜோடியை அகராதியில் பார்த்தால் ஜெல்லிமீன். "கடல் + நட்சத்திரம்" நட்சத்திர மீன். "நீர் + குழந்தை" மிக மோசம்: மிஸுகோ என்று வாசித்தால் கருவில் இழந்த குழந்தை, கோயில்களில் அதற்கென்று தனி வழிபாடே இருக்கிறது. எல்லாமே அனுமதித்த எழுத்துகள்தான், நகராட்சி மறுக்காது. ஜோடியை அப்படியே கைப்பேசியில் தட்டச்சு செய்து என்ன சொல் வருகிறது என்று பார்த்துவிட்டால் போதும்.

பேரிக்காய் வேறு மாதிரி. "நாஷி" என்ற ஓசைக்கு "இல்லை" என்றும் பொருள். அதனால் பழத்தையே "இருக்கிற கனி" என்று பொருள்படும் "அரிநோமி" என்று மாற்றிச் சொல்வது உண்டு. ஆனாலும் அதே எழுத்தை "ரி" என்ற ஓசைக்காக ரினா, எரி போன்ற பெயர்களில் தாராளமாகப் போடுகிறார்கள். அங்கே பழமும் இல்லை, இல்லாமையும் இல்லை. வெறும் ஓசைக்காக வரும் இயற்கை எழுத்துகள் ஏராளம்: "நா"வுக்குக் கீரை எழுத்து, "மி"க்குக் கடல் அல்லது கனி, "கா"வுக்குப் பூ. எல்லாவற்றையும் மொழிபெயர்த்து "அழகிய கீரைக் குழந்தை" என்று எழுதாதீர்கள்.

தொலைபேசிச் சோதனை என்று ஒன்று சொல்வார்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு எழுத்தை ஒரே மூச்சில் விளக்க முடிய வேண்டும். கயேதே சுலபம்: "மரத்துக்குப் பக்கத்தில் காற்று." மினாதோ (துறைமுகம்): "நீர்க்குறி, பக்கத்தில் இசைப்பது." அவோய் கொஞ்சம் திணறும்.

மருதன்:

ஆண் பெயர்களை யாரும் தொடவில்லையே. பழைய தலைமுறை ஆண்களிடம் இயற்கை பெரும்பாலும் வினைச்சொல்லாக வரும். மினோரு என்றால் நெல்லோ பழமோ முற்றி விளைவது. ஷிகேரு என்றால் தழைத்து அடர்வது. இவாவோவில் இருப்பது பாறை. இப்போதுதான் ஆண் பெயர்களில் வானமும் காற்றும் கடலும் நேரடியாக வருகின்றன. ஹருதோ என்ற பெயரின் "ஹரு" கூட வசந்தத்தின் எழுத்தால் எழுதுவது அல்ல. பெரும்பாலும் சூரிய ஒளி எழுத்து. அந்த எழுத்துக்கு "ஹரு" என்ற வாசிப்பு பெயருக்கு மட்டும் வருவது. நனோரி என்பார்கள்.

பெண்களுக்கு எதோ (Edo) காலத்திலும் மெய்ஜி காலத்திலும் (1868–1912) இரண்டு ஓசைப் பெயர்: ஹரு, ஹானா, உமே, மத்சு, தாகே. மரியாதைக்கு முன்னால் "ஓ": ஓஹரு, ஓஉமே. 1912ஆம் ஆண்டு பெண் பெயர் வரிசையில் முன்வரிசையிலேயே கதகானாவில் எழுதிய ஹருவும் ஹானாவும் உண்டு. நீண்ட ஆயுளுக்கு த்சுரு (கொக்கு), காமே (ஆமை). புலி ஆண்டில் பிறந்தால் தோரா. ஒகினாவாவின் பழைய குழந்தைப் பெயர்களில் த்சுரு, காமேயோடு உஷி (மாடு), நாபே (பானை), காமதோ (அடுப்பு) வரை போகும்.

மூன்று பெண்களுக்கு மத்சு, தாகே, உமே (பைன், மூங்கில், பிளம்) என்று வைப்பது மங்கல வரிசை. இதில் ஒரு வம்பு: உணவகத்தில் விலாங்குச் சாப்பாட்டுக்கும் சுஷிக்கும் இதே மூன்று பெயரைத் தர வரிசையாக வைத்திருப்பார்கள். மேல் தரம் மத்சு, கீழ்த்தரம் உமே. மூன்றாவது பெண்ணைக் கேட்டுப் பார்க்க வேண்டும்!

நொச்சி:

அருமை. குழந்தைப் பெயருக்கு வெளியே என்ன பயன்பாடு என்று கேட்டிருந்தேனே?

மருதன்:

மூன்று இடம் சொல்கிறேன்.

அரச குடும்பம். ஒவ்வொருவருக்கும் ஓஷிருஷி என்று ஒரு தனிச் சின்னம், பெரும்பாலும் செடி அல்லது மரம். குழந்தைக்குப் பெயர் சூட்டும் ஏழாம் நாள் சடங்கின்போதே அதுவும் முடிவாகும். பிறகு அவர்களுடைய சொந்தப் பொருட்களில் பெயருக்குப் பதில் அதைப் பொறிப்பார்கள். பேரரசர் நருஹிதோவுக்கு அஸுசா மரம். பேரரசி மசாகோவுக்கு ஹமனாசு என்ற கடற்கரை ரோஜா. இளவரசி ஐகோவுக்கு (2001) வெண்ணிற கோயோத்சுத்சுஜி, ஒரு அசேலியா வகை. இளவரசர் ஹிசஹிதோவுக்கு (2006) கோயாமாகி மரம். பெயரில் பூ இல்லாதவருக்கும் பூ உண்டு.

சுமோ. களப்பெயர்களில் மலை, கடல், ஆறு, ஃபுஜி மலை திரும்பத் திரும்ப வரும். 1981இல் யோகொசுனா (சுமோவின் உச்சப் பட்டம்) ஆன சியோநோஃபுஜி, 2021இல் ஆன தெருநோஃபுஜி இருவரின் வால் ஃபுஜி. இசெகஹாமா என்ற பயிற்சிக் கூடத்து வீரர்களிடம் இந்த வாலை நிறையப் பார்க்கலாம். ஆசான் பெயரிலிருந்து ஒரு எழுத்தை எடுத்துக் கொடுப்பது வழக்கம். தோல்வி, காயம் தொடர்ந்தால் களப்பெயரை மாற்றிக்கொள்வதும் உண்டு.

ஹைக்கூப் புனைபெயர். கவிஞர் பாஷோவின் பெயருக்கு வாழை என்று பொருள். 1681இல் ரிக்கா என்ற மாணவர் ஃபுககாவாக் குடிசைக்கு ஒரு வாழைக்கன்று கொடுத்தார். குடிசைக்கு அந்தப் பெயர் வந்தது, பிறகு கவிஞருக்கும். அது நம் வாழை இல்லை. குளிர் தாங்கும் ஜப்பானிய நார்வாழை, உண்ணும்படியான பழம் தராது. காற்றில் இலை கிழிந்து தொங்குவதுதான் அவருக்குப் பிடித்தது. அதற்கு முன் அவருடைய பெயர் தோசெய், "பச்சைப் பீச்". இன்னொரு ஹைக்கூக் கவிஞரான ஷிகியின் கதை இன்னும் கடுமை: 1889இல் இரத்தம் கக்கியபோது, இரத்தம் வரும்வரை கூவும் என்று சொல்லப்படும் குயிலினப் பறவையின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

வடக்குவாசல்:

இறந்த பிறகும் ஒன்று இருக்கிறது, மருதன். பௌத்த முறையில் கல்லறையிலும் நினைவுப் பலகையிலும் எழுதும் காய்மியோ. முழு வடிவில் அது நான்கு துண்டு: இன்கோ, தோகோ, காய்மியோ, இகோ. நடுவில் உள்ள காய்மியோ மட்டும் பார்த்தால் எப்போதும் இரண்டு எழுத்து. அதில் ஒன்றை உயிரோடிருந்தபோதைய பெயரிலிருந்து எடுப்பது பரவலான வழக்கம். பெயரில் உமே இருந்தால் அந்த எழுத்து அங்கேயும் வரும். ஜோதோ ஷின்ஷூப் பிரிவினர் மட்டும் இதை ஹோமியோ என்பார்கள், முன்னால் "ஷாகு" சேரும்.

மழலையர் பள்ளியில் வகுப்புக்குப் பூப்பெயர்: சகுரா வகுப்பு, சுமிரே வகுப்பு, தன்போபோ வகுப்பு. சகுரா என்ற பெயருள்ள குழந்தை ஹிமவாரி வகுப்பில் இருந்தால் ஆசிரியருக்குக் கொஞ்சம் தலைவலி.

ஆற்றங்கரை:

கோடு எண்ணிப் பலன் பார்ப்பார்களாமே? நம் எண் சோதிடம் மாதிரியா?

எழுத்தெண்ணி:

சீமெய் ஹந்தான். நான் இதை நம்புகிறவன் இல்லை, ஆனால் பல பெற்றோர் எழுத்து தேர்ந்த பிறகு இதைப் பார்க்கிறார்கள், எனவே முறையைச் சொல்கிறேன். ஐந்து கூட்டுத்தொகை. குடும்பப் பெயரின் கோடுகள் தென்காகு. குடும்பப் பெயரின் கடைசி எழுத்தும் பெயரின் முதல் எழுத்தும் சேர்ந்தால் ஜின்காகு. பெயரின் கோடுகள் சிகாகு. மொத்தம் சோகாகு. ஜின்காகுவில் சேராத மிச்சம் கைகாகு.

சிக்கல், எண்ணும் முறையே பள்ளிக்குப் பள்ளி (சோதிட மரபுக்கு மரபு) வேறு. யாமாதா அவோய் என்று எடுத்துக்கொள்வோம். மலை 3, வயல் 5. அவோயின் தலையில் உள்ள புல்குறியை இன்றைய வடிவப்படி 3 கோடாக எண்ணினால் எழுத்து 12, மொத்தம் 20. பொதுவான கணக்கில் இது கெட்ட எண். புல்குறியைப் பழைய வடிவப்படி 6 என்று எண்ணினால் எழுத்து 15, மொத்தம் 23. அது நல்ல எண். ஒரே பெயர்! நீர்க்குறியும் இப்படித்தான், 3 அல்லது 4. பெயர் ஒரே எழுத்தென்றால் ஒன்றைக் கற்பனையாகக் கூட்டும் பள்ளியும் உண்டு. செடி, நீர் சார்ந்த பெயர்களில்தான் இந்தக் குழப்பம் அதிகம். ஆக, ஒரே பள்ளியைப் பின்பற்றுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். இரண்டு இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் இரண்டு பலன் வரும். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் சண்டை மிச்சம்.

தாழைமடல்:

பெயர் சூட்டும் தாளையும் சொல்லிவிடுவோம். ஓஷிச்சியா என்பது ஏழாம் இரவு, பிறந்த நாளே முதல் நாள். அன்று மெய்மெய்ஷோ எழுதி மாட்டுவார்கள். எளிய வகைக்கு ஹான்ஷித் தாள் போதும்: நடுவில் "மெய்மெய்" என்ற தலைப்பும் அதன் கீழே பெரிதாகக் குழந்தையின் பெயரும், வலப்பக்கம் தந்தை பெயரோடு மூத்த மகனா மகளா என்ற உறவு, இடப்பக்கம் பிறந்த தேதி. முறையான வகைக்குத் தடித்த ஹோஷோத் தாள். அதை மடிப்பு கீழே வரும்படி நீளவாட்டில் இரண்டாக மடித்து, பிறகு மூன்றாக மடிப்பார்கள்.

வழக்கமாகத் தவறுவது எது? பெயரை முதலில் பெரிதாக எழுதிவிட்டுத் தேதிக்கு இடமில்லாமல் திணிப்பது. பென்சிலால் மூன்று பத்தியையும் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது, கோசெகியில் பழைய வடிவத்தைப் பதிந்துவிட்டுத் தாளில் புதிய வடிவத்தை எழுதுவது. குலசாமி மாடத்தின் கீழோ தொகோநோமா என்ற அலங்கார மாடத்திலோ குழந்தையின் தலைமாட்டிலோ மாட்டி, ஒரு மாதம் வாக்கில் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் மியாமாய்ரிச் சமயத்தில் கழற்றுவார்கள். எறிய மாட்டார்கள், தொப்புள்கொடிப் பெட்டியோடு வைத்திருப்பார்கள். அன்றைய சாப்பாடு செகிஹான், அதாவது அசுகிப் பயறு போட்ட சிவந்த சோறு, "தாய்" என்ற கடல்மீன் முழுசாக.

நொச்சி:

கடைசியாக ஒன்று. ஜப்பானில் வசிக்கும் தமிழ்ப் பெற்றோர், இருவரும் ஜப்பானியர் அல்ல என்றால், குழந்தைக்கு இந்த விதியெல்லாம் உண்டா? தமிழ் இயற்கைப் பெயர் வைத்தால் அங்கே எப்படி ஒலிக்கும்?

வடக்குவாசல்:

கான்ஜிப் பட்டியல் அவர்களுக்கு இல்லை, ஏனென்றால் கோசெகியே கிடையாது. ஆனால் 14 நாளுக்குள் பிறப்பு அறிவிப்பு தருவது கட்டாயம். பெயரைக் கதகானாவில் எழுதி, ரோமன் எழுத்தையும் சேர்க்க வேண்டும். 60 நாளுக்கு மேல் தங்கும் குழந்தைக்கு வசிப்பு அனுமதி விண்ணப்பத்தைப் பிறந்த 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் இந்தியத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் தனிப் பதிவு. மூன்று இடத்திலும் ரோமன் எழுத்துக்கூட்டு ஒன்றாக இருக்கட்டும்.

ஒலிப்பு: அவர்களுக்கு ல, ள, ர வேறுபாடு கிடையாது. நிலா "நிரா" ஆகிவிடும். நிரா என்றால் பூண்டு வாசமுள்ள ஒரு கீரை. கடைசி நெடிலுக்கு நீட்டல் கோடு போட்டால் கொஞ்சம் தப்பிக்கலாம். கனி என்றால் நண்டு, கனிமொழி என்றால் பள்ளியில் நண்டு கேலி வரலாம். மலர் என்பதன் முதல் இரண்டு ஓசை அங்கே ஆணுறுப்பைக் குறிக்கும் கொச்சை. முல்லை, குறிஞ்சிக்கு அப்படி எதுவும் என் காதில் படவில்லை. ஆனால் முல்லையில் இரட்டை லகரத்தை எப்படி எழுதுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

எழுத்தெண்ணி:

எதிர்த்திசைக்கும் ஒரு வரி. ஜப்பானியப் பெயரைத் தமிழில் எழுதும்போது குறில் நெடிலைக் காப்பாற்றுங்கள். யுகி வேறு, யூகி வேறு. முதலாவதைப் பனி எழுத்தால் எழுதலாம், இரண்டாவதை முடியாது. கடவுச்சீட்டின் ரோமன் எழுத்தில் பொதுவாக இரண்டும் ஒன்றாகவே அச்சாகும், அதைப் பார்த்து எழுதினால் தவறும். கான்ஜியோ கானாவோ கிடைத்தால் அதை வைத்தே எழுதுங்கள்.

வடக்குவாசல்:

கதகானாவுக்கும் அதே கவனம் வேண்டும், நொச்சி. அறிவிப்பில் எழுதிக் கொடுத்த வடிவத்தைத்தான் பிறகு வசிப்புப் பதிவு, தடுப்பூசி அழைப்பு, பள்ளிச் சேர்க்கைக் கடிதம் எல்லாம் பின்பற்றும். தாய்-சேய் கையேட்டில் ஒரு விதமாகவும் அறிவிப்பில் வேறு விதமாகவும் எழுதிவிட்டால் ஒவ்வொரு முகப்பிலும் விளக்க வேண்டிவரும். படிவம் கொடுக்கும் முன் ஜப்பானியர் ஒருவரிடம் கதகானாவைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.